கரட்டுப்பாளையம் பிரிவில் மூன்று பேர்

1996-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஜெரோம் ஏழு நாள் தூங்கினான். அந்தத் தூக்கத்துக்காக அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

தூங்கியது காந்திபுரத்தில் அவன் தங்கியிருந்த ஒரு லாட்ஜின் மாடி அறையில். கேடயம் கொடுத்தது, அதே தெருவில் ஒரு டி.வி. கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் நடந்துவந்த கொங்கு தீர்மானவியல் கல்வி நிலையம். ஊரில் அதை டிசிஷன் காலேஜ் என்பார்கள். வியாபாரத்தில் முடிவெடுக்கத் தேவையான தகவலை எப்படிச் சேகரிப்பது, எப்படி அடுக்குவது, அதை வைத்து எப்படி முடிவுக்கு வருவது என்று பட்டதாரிகளுக்கு ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்து டிப்ளமா தருகிற இடம்.

காலையில் வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று வலது கையை நீட்டி, "தகவல் இல்லாமல் முடிவில்லை" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சேகரித்த தகவல் வெள்ளை ஃபைலில் இருக்க வேண்டும். அடுக்கிய பிறகு மஞ்சள் ஃபைல். ஆராய்ந்த பிறகு பச்சை. முடிவுக்குச் சிவப்பு. மஞ்சளில் இருக்கவேண்டிய காகிதம் வெள்ளையில் இருந்தால் இரண்டு மார்க் போய்விடும். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குத் தனியாக மார்க் கிடையாது.

ஜெரோம் வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு காட்டு ஊர்க்காரன். தாத்தா காலம்வரை பண்ணையக் கூலி. அப்பா எண்ணெய் மில்லில் வாட்ச்மேன் ஆனார். அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து நூல் மில்லுக்குப் போய்வருகிறாள். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்பதால், கையை நீட்டி உறுதிமொழி சொல்லும்போது பக்கத்திலிருப்பவர்களைப்போலச் சிரிக்காமல் உண்மையாகவே சொல்லுவான்.

அந்த ஆடி மாதம் கல்லூரிக்கு ஒரு நிஜமான வேலை வந்தது. கல்லூரி டிரஸ்டிகளில் ஒருவருக்கு டவுன் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெள்ளை வேட்டியும் கைப்பையுமாக வகுப்புக்கே வந்து விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு முடிவு தெரியுமுங்க. கரட்டுப்பாளையத்துல இருந்து காத்தால அஞ்சு இருபதுக்கு எடுக்கற ட்ரிப்ப எட்டு மணிக்கு மாத்தோணும். எட்டு மணிக்குத்தான் காலேஜ் கூட்டம். ஆர்.டி.ஓ. ஆபீசுல காரணம் கேக்கறாங்க. அந்தக் காரணத்த நீங்க கண்டுபுடிச்சுக் குடுத்துப்போட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

டைரக்டர் திருமலைசாமி கைதட்டினார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். "பாத்துக்குங்க. இப்படித் தெளிவான மனசோட ஒருத்தர் நம்மகிட்ட வர்றது அபூர்வம். என் சர்வீஸ்ல தகவல் இல்லாம ஒரு முடிவும் எடுத்ததில்ல. முதல்ல முடிவெடுப்பேன். அப்புறம் தகவல் தானா வந்து சேரும். ஒரு தடவகூட வராம இருந்ததில்ல."

தகவல் பாடம் எடுக்கிற ஷாநவாஸ் சார் பஸ் ஸ்டாப்புகளை மாணவர்களுக்குப் பங்கிட்டார். ஜெரோமுக்கு வந்தது மெயின் ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளியிருந்த கரட்டுப்பாளையம் பிரிவு. ஏழு நாள், அஞ்சு இருபது வண்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் படிவம் நான்கில் குறிக்க வேண்டும். ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன சுமை, எதற்குப் பயணம், பயணத்தில் மனநிறைவு உண்டா.

ஜெரோம் ஒரு சந்தேகம் கேட்டான். "சார், காலையில அந்த ஊருக்குப் போற மொத பஸ்ஸே ஆறரைக்குத்தான். நான் எப்படி அஞ்சு இருபதுக்கு அங்க இருக்கறது?"

"அதுதான் களப்பணி," என்றார் ஷாநவாஸ் சார்.

முந்தின நாள் கடைசி பஸ்ஸில் போய் ஸ்டாப்பிலேயே படுத்துக்கொள்வது என்றுதான் ஜெரோம் கிளம்பினான். சாரலும் ஆடிக்காற்றும் ஆளைத் தள்ளின. பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். மறுநாளும் மழை. மூன்றாம் நாள் மழை இல்லை, ஆனால் இரண்டு நாள் கணக்கு ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாம் நாள் மட்டும் போய் என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு லாட்ஜுக்குக் கீழே டீக்கடையில் உட்கார்ந்து ஏழு நாள் படிவங்களையும் இருபது நிமிஷத்தில் நிரப்பினான். அந்த இருட்டில் யார் ஏறப்போகிறார்கள்? மூன்று, நான்கு, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, நான்கு. நாளுக்கு ஒரு பேனா மாற்றினான். இரண்டு படிவங்களில் டீயைச் சிந்தி, விரலால் தேய்த்து, வெயிலில் காயவைத்தான்.

ஷாநவாஸ் சார் அந்த டீக் கறையை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். "இதுக்குப் பேருதான் களத்தோட வாசனை."

ஆய்வறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. முதல் தொண்ணூற்றாறு பக்கங்களில் சக்கரம் கண்டுபிடித்த காலம் தொடங்கிப் போக்குவரத்தின் வரலாறு. கெட்டி அட்டை, தங்க எழுத்து. ஒரு ஹோட்டலில் மாலை, பொன்னாடை, கேசரியுடன் வெளியிட்டார்கள். கரட்டுப்பாளையம் பிரிவில் சராசரியாக மூன்று பேர் என்பது வட்டப் படத்தில் நூல் கனத்துக்கு ஒரு கோடாகத் தெரிந்தது. சிறந்த களப்பணியாளர் கேடயத்தை ஜெரோம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அப்போது வெட்கம் வரவில்லை. கேசரி நன்றாக இருந்தது.

மூன்று வாரத்தில் அஞ்சு இருபது ட்ரிப் எட்டு மணிக்கு மாறியது.

அதற்குப் பிறகுதான் கல்லூரியில் குப்பை சேர ஆரம்பித்தது. மாணவர்கள் வரும்போது வகுப்பறைகள் கூட்டாமல் கிடந்தன. கூட்டுகிற மாசாணியம்மாள் முன்பெல்லாம் ஏழு மணிக்குள் வேலையை முடித்து விளக்குமாற்றை மாடிப்படிக்கு அடியில் சாத்திவிடுவாள். அப்படி ஒருத்தி இருப்பதே பல பேருக்குத் தெரியாது. இப்போது எட்டரைக்கு வியர்த்து வழிய ஓடிவந்து, உறுதிமொழிக்காக நீட்டிய கைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து கூட்டினாள்.

ஒருநாள் டைரக்டரின் மேஜையில் விரல் வைத்தால் தடம் விழுந்தது. ஆபீஸ் கிளார்க் சொன்னார், "அந்தம்மாவக் கூப்பிட்டு ஏன் லேட்டுன்னு கேட்டுரலாமுங்க சார்."

டைரக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு ஆளக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டு முடிவெடுக்கறதுக்கு இது மளிகைக் கடையா? நாம எதுக்கு இருக்கறோம்?"

நான்கு குழுக்கள் அமைந்தன. ஒரு குழு தினமும் சேரும் தூசியைத் தராசில் நிறுத்தது. ஒரு குழு படியேறுகிற கால்களை எண்ணியது. ஒரு குழு ஈர்க்குமாறு, பூந்துடைப்பம் இரண்டின் செயல்திறனை ஒப்பிட்டது. நான்காவது மனிதவளக் குழு. கேடயம் வாங்கியவன் என்பதால் அதற்கு ஜெரோம்தான் தலைவன். அந்தக் குழு விசாரிக்க வேண்டியவர் மொத்தம் ஒரே ஒருவர்.

மாசாணியம்மாளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் நுனியில் உட்கார்ந்தாள். ஜெரோம் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தைப் பிரித்துக்கொண்டான். இருபத்தோராவது கேள்விக்கு வர அரை மணி ஆனது.

"தாமதத்துக்குக் காரணமுங்கக்கா? சோம்பல், உடல்நலக் குறைவு, குடும்ப விசேஷம், மற்றவை. இதுல எது?"

"இதுல எதுமில்லீங்க தம்பி. பஸ்ஸ நிறுத்திப்போட்டாங்க. அஞ்சு இருபது வண்டி இருந்துதுங்க. இப்ப இல்லீங்க. நாலு மைலு நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து கவருமெண்ட்டு வண்டி புடிக்கறனுங்க. அதுவும் கூட்டமா இருந்தா நிறுத்தாம போயிருதுங்க."

ஜெரோமின் பேனா நின்றது. "உங்களுக்கு எந்த ஊருங்க?"

"கரட்டுப்பாளையம் பிரிவுங்க."

"அந்த வண்டியில கூட்டம் இருக்குமுங்களா?"

அவள் சிரித்தாள். "நிக்க எடமிருக்காதுங்க. கீரக்காரங்க, ஆசுபத்திரிக்குக் கூட்டறவங்க, ஓட்டல்ல மாவாட்டறவங்க, மில்லுக்காரங்க. கண்டக்டரு தெனமும் சத்தம் போடுவாருங்க. ஏனுங் தம்பி, எதுக்கு நிறுத்துனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? நீங்கெல்லாம் படிச்சவீங்க."

"தெரியலீங்கக்கா," என்றான் ஜெரோம். மீதி இருபத்தோரு கேள்விகளை அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டு முடித்தான்.

காரணம் என்ற கட்டத்தில் 'மற்றவை' என்று குறித்து, கீழே பஸ் விவரத்தை எழுதினான். கம்ப்யூட்டர் அறையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புரோகிராமில் மூன்று காரணங்களுக்குத்தான் இடம் இருந்தது. நான்காவதைத் தட்டினால் தானாக முதலாவதில் போய் விழும். அப்படியே விழுந்தது. விசாரிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நூறு சதவீதம் பேரின் தாமதத்துக்குக் காரணம் சோம்பல் என்று அறிக்கை வந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து மாசாணியம்மாள் வரவேண்டாம் என்பது சிவப்பு ஃபைலில் ஏறியது.

அன்றைக்கு ஜெரோம் சாப்பிடப் போகாமல் நேரே அறைக்கு வந்தான். அம்மா முதல் பஸ்ஸுக்கு ஓடுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன், இருட்டில் யார் ஏறப்போகிறார்கள் என்று எப்படி நினைத்தான் என்பது அவனுக்கே விளங்கவில்லை. அறையில் கேடயத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். பின்பக்கத்தில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு தெரிந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினான். பிறகு பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான்.

மறுநாள் ஷாநவாஸ் சாரைத் தனியே பிடித்து எல்லாவற்றையும் சொன்னான். போகவே இல்லை, எண்ணவே இல்லை, டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன்.

ஷாநவாஸ் சார் முதலில் கதவைச் சாத்தினார். "இத நீ சொல்லல. நான் கேக்கல."

"சார், அந்தக்காவுக்கு வேலை போயிருச்சுங்க."

ஷாநவாஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோபிசெட்டிபாளையத்துல நூத்தம்பது வாழை விவசாயிகளப் பாத்துப் பேசி ஒரு ஆராய்ச்சி பண்ணுனேன். பட்டம் வாங்குனேன். இந்த வேலையே அதுலதான் கெடைச்சுது." மறுபடி துடைத்தார். "பாத்தது ஒம்போது பேர. உன்னோடதுல டீக் கறையாச்சும் இருந்துது, ஜெரோம். எனக்கு அது தோணல."

டைரக்டரிடம் போ, நான் வரவில்லை என்று அனுப்பிவைத்தார்.

டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் ஜெரோமுக்குப் பயமாக இருந்தது.

"கண்ணு, அறிக்கை பைண்டிங் ஆயிருச்சு," என்றார். "தங்க எழுத்துப் போட்டாச்சு. இனிமே நீ எண்ணுனியா இல்லையாங்கறது உன் சொந்த விஷயம். அறிக்கை எண்ணியிருக்குது."

"எனக்கு வெக்கமா இருக்குதுங்க சார்."

"இருக்கட்டும். வெக்கம் ஒரு தகவலா? அத எந்த ஃபைல்ல போடறது, சொல்லு? வெள்ளையா, மஞ்சளா?" மேஜை மணியைத் தட்டி அவனுக்கு ஒரு காபி வரவழைத்தார். "நீ நல்ல பையன். அடுத்த வருஷம் இங்கேயே விரிவுரையாளரா சேந்துக்க. களப்பணிப் பாடம் எடுக்க ஆளில்ல."

ஜெரோம் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தான்.

அந்த வாரமே ஒருநாள் சாயங்காலக் கடைசி பஸ்ஸில் கரட்டுப்பாளையம் பிரிவுக்குப் போய்ப் பஞ்சாயத்து டி.வி. ரூம் வாசலில் படுத்துக்கொண்டான். விடியுமுன் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்தான். சந்து சந்தாக டார்ச் வெளிச்சத்தோடு ஆட்கள் வந்தார்கள். பஸ் வராத ஸ்டாப்பில் கூடி, துணைக்கு ஆள் சேர்ந்ததும் மெயின் ரோட்டுக்கு நடக்கிறார்கள். கையில் சோற்றுத் தூக்குப்போசி, கூடை, சாக்கு. ஜெரோம் விரல் நீட்டி எண்ணினான். முப்பத்தேழு பேர். பெயர்களையும் எழுதிக்கொண்டான்.

மாசாணியம்மாள் அவனைப் பார்த்துவிட்டாள். "இங்கென்னுங் தம்பி? நம்ம ஊட்டுக்கு வந்திருக்கலாமுங்களே, வாசல்ல படுத்துட்டு."

அவன் அங்கேயே சொல்லிவிட்டான். இந்த பஸ் நின்றது தன்னால்தான் என்றும், எண்ண வரவேண்டிய ஏழு நாளும் தூங்கிவிட்டு மூன்று பேர்தான் ஏறுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னான். திட்டுவார்கள், ஒருவேளை அடிப்பார்கள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீரைக்கூடை வைத்திருந்த ராசாத்தாள் என்ற பெண் முன்னால் வந்தாள்.

"அந்த மூணு பேருல நான் உண்டுங்களா?"

"என்னங்கக்கா?"

"மூணு பேருன்னு எழுதுனீங்கல்லங்க. அதுல நான் இருக்கனான்னு கேட்டனுங்க. பதினாலு வருசமா இந்த வண்டியிலதானுங்க போறன்."

அவள் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பின்னாலிருந்த இன்னும் இரண்டு பேர் பதிலுக்காக எட்டிப் பார்த்தார்கள்.

பெயர்ப் பட்டியலோடு மறுபடி டைரக்டரிடம் போனான். அவர் அதைப் படிக்காமலே மடித்துக் கொடுத்தார். "அஞ்சு இருபதுக்கு அங்க பஸ் கெடையாது. பஸ் இல்லாத எடத்துல நிக்கறவன் எப்படிப் பயணி ஆவான்? இவங்க நடக்கறவங்க. நடக்கறவங்களப் பத்தி நம்மள யாரும் ஆய்வு கேக்கல."

வெளியே வந்தபோது ஷாநவாஸ் சார் மாடிப்படியில் நின்றிருந்தார். ஒரு காகித உறையை அவன் கையில் திணித்தார். உள்ளே டீக் கறை படிந்த இரண்டையும் சேர்த்து ஏழு படிவங்களும் இருந்தன. "ஒரிஜினல். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோ. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதே." சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் போனார். சற்று நேரத்தில் வகுப்பில் உறுதிமொழிச் சத்தம் கேட்டது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஹெட் கிளார்க் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். படிவம், பெயர்ப் பட்டியல், 'நான் எண்ணாமல் பொய்யாக எழுதினேன்' என்று ஜெரோம் எழுதிய வாக்குமூலம்.

"பொய் எழுதுனேன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கறே," என்றார். "பொய் எழுதறவன் குடுக்கற பட்டியல நான் எப்படி வாங்கறது? சரி, பொய் எழுதலேன்னு மாத்தி எழுதிக் குடு. வாங்கிக்கறேன். ஆனா அப்படின்னா பழைய அறிக்கை சரின்னு ஆயிருது."

ஜெரோம் காகிதங்களை எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே நின்றான். அவருக்கே கொஞ்சம் பாவமாகப் போயிற்று. "அவங்க நேர்ல வரட்டும். வேல நாள்ல, பதினோரு மணிக்கு. ஆள நேர்ல பாத்துட்டன்னா உன் பேச்சு எனக்கு வேண்டியதில்ல."

நேரில் வருவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும். ஜெரோம் தயங்கித் தயங்கி ஊரில் போய்ச் சொன்னான். அந்தப் புதன்கிழமை ஆபீஸ் வராந்தாவில் முப்பத்தோரு பேர் வந்து நின்றார்கள். வேலை போன மாசாணியம்மாளும் வந்திருந்தாள். அவளுக்கு இனி எந்த வண்டியும் வேண்டியிருக்கவில்லை.

அந்த ட்ரிப் திரும்ப ஓட ஒன்றரை மாதம் ஆனது. ஓடியதும் டிசிஷன் காலேஜ் அதைத் தன் ஆய்வின் இரண்டாம் கட்ட வெற்றி என்று பச்சை அட்டையில் ஒரு புத்தகம் போட்டது. மாசாணியம்மாளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் பிறகு ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜெரோம் டிப்ளமாவை முடிக்காமல் ஊருக்குப் போய்விட்டான். ஆனால் பல வருஷம் கழித்தும் தூக்கத்தில் அவனை எழுப்பி உட்காரவைத்தது இது எதுவும் இல்லை. அந்த வராந்தாதான்.

அந்தப் புதன்கிழமை ஹெட் கிளார்க் ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனசில்லை. ஜெரோமைப் பார்த்துச் சொன்னார், "எண்ணறதுக்குன்னே படிச்சவன்தானே நீ? எண்ணிச் சொல்லு. எழுதிக்கறேன்."

"நானுங்களா சார்?"

"நீதான்."

ஜெரோம் வராந்தாவுக்குப் போனான். விஷயம் தெரிந்ததும், யாரும் சொல்லாமலே அவர்கள் சுவரோரமாக வரிசையாக நின்றுகொண்டார்கள். பின்னால் நின்ற குட்டையான அம்மாவை, மறைக்காமல் இருக்கட்டும் என்று முன்னுக்குத் தள்ளினார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஜெரோம் விரலைத் தூக்கினான். ஐந்து வரை எண்ணினான். கணக்குத் தப்பிவிடுமோ என்று பயந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். பதினேழு வரை வந்து மறுபடி நின்றான்.

"மெதுவா எண்ணுங்க தம்பி," என்றாள் மாசாணியம்மாள். "அவசரமில்லீங்க. ராசாத்தா தண்ணி குடிக்கப் போயிருக்குதுங்க. அதும் வந்துரட்டும். அப்புறம் விட்டுப்போச்சுன்னு வருத்தப்படுமுங்க."

"சரிங்கக்கா," என்றான் ஜெரோம். தூக்கிய விரலை இறக்க மறந்து, ராசாத்தாள் வரும்வரை, அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே நின்றான்.